ஆவிக்குரிய ஆகாரம் என்றால் என்ன? வாசித்தும் ருசி தெரியாவிட்டால்?

கேட்டிருப்பது உண்மையில் இரண்டு கேள்விகள். ஒன்று, பிரசங்கங்களில் ஓயாமல் வரும் ‘ஆவிக்குரிய ஆகாரம்’, ‘ஜீவ அப்பம்’, ‘ஞானப்பால்’ போன்ற பேச்செல்லாம் வெறும் அலங்காரமா, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பது. இன்னொன்று, தினமும் தவறாமல் வேதம் வாசித்தும் ஒன்றும் ருசிக்கவில்லையே, ஏன் என்பது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் இரண்டாவது பாதி அவிழ்ந்துவிடும். மீதிக்குக் கடைசியில் வருகிறேன்.

உணவு உருவகம் என்றதும் சரீரத்துக்கு ஒரு தட்டு, ஆத்துமாவுக்கு ஒரு தட்டு என்று நாம் தனித்தனியாக எடுத்து வைத்துவிடுகிறோம். வேதாகமம் அப்படிப் பரிமாறுவதில்லை. ஆவிக்குரிய ஆகாரத்தைப் பற்றி அது பேசும் முக்கியமான இடங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே நிஜமான சாப்பாடு இருக்கும், அல்லது நிஜமாகவே பசித்த ஆள் ஒருவர் இருப்பார். என் பதில் முழுக்க இந்த ஒரு கவனிப்பைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறது.

“மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல, தேவனுடைய வாயிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு வார்த்தையினாலும் பிழைப்பான்.” சாப்பாட்டைத் தாழ்த்திப் பேசும் வசனமாகத்தான் பலர் இதை வைத்திருக்கிறார்கள். ‘மாத்திரமல்ல’ என்ற சொல்லைப் பாருங்கள். அப்பம் வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சொன்னவர் இயேசு, நாற்பது நாள் சாப்பிடாமல் இருந்தவர், அவருக்குப் பசி எடுத்தது என்று மத்தேயு நேராகவே எழுதுகிறார். அவர் எடுத்துச் சொல்வது உபாகமம் 8ஆம் அதிகாரத்து வாக்கியம். அதை முதலில் கேட்டவர்களோ வனாந்தரத்தில் பசியால் வாடி, பிறகு வானத்திலிருந்து வந்த மன்னா என்ற உணவைத் தின்று பிழைத்த இஸ்ரவேல் ஜனங்கள். வயிறு காய்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களிடம்தான் அந்த வாக்கியம் சொல்லப்பட்டது.

அந்த மன்னாவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். காலையில் பனி நீங்கியதும் தரையில் உறைபனி போல உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது. கொத்தமல்லி அளவு, வெள்ளை நிறம், தேனிட்ட பணிகாரத்தின் ருசி. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்து ‘இது என்ன?’ என்று கேட்கிறார்கள். எபிரெயத்தில் ‘மான் ஹூ’. அந்தக் கேள்வியே அதற்குப் பெயராக நின்றுவிட்டது. (என்னவென்று தெரியாத ஒன்றை நாற்பது வருடம் சாப்பிட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.) ஆளுக்கு ஒரு ஓமர், அதாவது எப்பாவில் பத்தில் ஒரு பங்கு, இன்றைய அளவில் சுமார் 2 லிட்டர். வெயில் ஏறினால் உருகிப்போகும். நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்து வைத்தால் புழுத்து நாறும். ஆறாம் நாள் மட்டும் இரண்டு ஓமர், மறுநாள் ஓய்வுநாள் என்பதால். அன்றைக்கு மட்டும் எடுத்து வைத்தது கெடவில்லை. எண்ணாகமம் சமையல் வேலைக்குள்ளேயே போகிறது: அதை அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், பானையில் சமைத்தார்கள், அப்பமாகச் சுட்டார்கள். வானத்திலிருந்து வந்ததுதான். ஆனாலும் விடியற்காலையில் எழுந்து குனிந்து பொறுக்கியாக வேண்டும்.

சேர்த்து வைக்க முடியாத உணவு என்பதுதான் இங்கே விஷயம். நேற்றைய மன்னா இன்றைக்கு ஆகாது. அதிகம் பொறுக்கியவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் பொறுக்கியவனுக்குக் குறையவில்லை என்றும் யாத்திராகமம் சொல்கிறது. பவுல் இந்த வரியைக் கொரிந்தியருக்கு நினைவூட்டுகிறார், எதற்கென்றால் எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்குப் பணம் திரட்டும்போது. ஆழமான தியானம் ஒன்றுக்குப் பயன்படுத்தியிருக்கலாம். அவர் காணிக்கைக் கணக்குக்குப் பயன்படுத்தினார்.

கர்த்தருடைய ஜெபத்தில் வரும் ஆகாரமும் இதே வகைதான். “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்று நாம் சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் ‘எபியூசியோஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. மத்தேயு, லூக்கா இரண்டிலும் வரும் இந்த ஜெபத்துக்கு வெளியே பழைய கிரேக்க எழுத்துகளில் அதைக் காண்பதே அரிது. சுவிசேஷகர்களே உண்டாக்கிய சொல்லாக இருக்கும் என்று மூன்றாம் நூற்றாண்டில் வேத அறிஞர் ஓரிகன் கருதினார். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் லத்தீன் சுவிசேஷங்களைத் திருத்திய ஜெரோமுக்கும் இது சிக்கலாகத்தான் இருந்தது. லூக்காவில் ‘அன்றாட அப்பம்’ என்று வைத்தார், மத்தேயுவில் ‘பொருள்களுக்கு மேலான அப்பம்’ என்ற மாதிரி ஒரு சொல்லை வைத்தார். மூலத்தில் ஒரே சொல்! இவற்றில் எது சரி என்ற வாதம் இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால், முடியாமல் இருப்பதே நல்லது. வயிற்றுக்கான அப்பமா ஆத்துமாவுக்கான அப்பமா என்று பிரித்துப் பார்க்க அந்த ஜெபம் இடம் கொடுப்பதில்லை.

அடுத்து தீர்க்கதரிசி எலியா. 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் பெரிய வெற்றி முடிந்த கையோடு, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்’ என்கிறார். அப்படியே தூங்கிவிடுகிறார். ஒரு தூதன் தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிடுகிறார், குடிக்கிறார், திரும்பவும் படுத்துக்கொள்கிறார். இந்தத் ‘திரும்பவும்’ எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இவ்வளவு செய்தும் படுத்துவிட்டாயே என்று தூதன் கோபிக்கவில்லை. இரண்டாம் தரமும் தட்டி எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்கிறான். அந்தச் சாப்பாட்டின் பலத்தில் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போகிறார். ‘எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?’ என்ற கேள்வியே அங்கே போன பிறகுதான் வருகிறது. அதுவரைக்கும் அடையும் தண்ணீரும் தூக்கமும்தான்.

மரணப்படுக்கையில் இருப்பவருக்குக் கொடுக்கும் கடைசி நற்கருணைக்கு, அதாவது கர்த்தருடைய பந்தியின் அப்பத்துக்கு, சபை வைத்த பழைய பெயரும் இந்த மனதோடு ஒத்துப்போகிறது. கிரேக்கத்தில் ‘எஃபோதியோன்’, லத்தீனில் ‘வியாத்திகும்’. இரண்டுக்கும் அர்த்தம் வழிக்கு எடுத்துப்போகும் உணவு. தமிழில் சொன்னால் கட்டுச்சோறு. சாகப்போகிறவருக்கு இதை மறுக்கக்கூடாது என்று 325ஆம் ஆண்டு நிசேயா சங்கமே விதி எழுதிவைத்தது.

சரி, பாலுக்கு வருவோம். இங்கே ஒரு குழப்பம் உண்டு. பவுல் கொரிந்தியரிடம், உங்களுக்குப் போஜனம் கொடுக்க முடியவில்லை, பாலைத்தான் குடிக்கக் கொடுத்தேன் என்று குறையாகச் சொல்கிறார். எபிரெயர் நிருபமும் அப்படித்தான். இத்தனை காலத்துக்குள் போதகராகியிருக்க வேண்டியவர்கள் இன்னும் பால் கேட்கிறீர்களே என்கிறது. ஆனால் பேதுரு, புதிதாய்ப் பிறந்த குழந்தைகளைப்போல ஞானப்பாலின்மேல் வாஞ்சையாயிருங்கள் என்கிறார், அவருக்குப் பால் குறை அல்ல. (ஞானப்பால் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு முதலில் உமையம்மையிடம் ஞானப்பால் குடித்த சம்பந்தர் நினைவுக்கு வருவார்.) மூவருக்கும் முரண்பாடு இல்லை. பேதுரு பேசுவது பசியைப் பற்றி. குழந்தை பாலுக்கு அழுகிற மாதிரி அழு என்கிறார். மற்ற இருவரும் பேசுவது வளர்ச்சியைப் பற்றி.

அந்தப் ‘பலமான ஆகாரம்’ எது என்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். கடைசிக் காலத் தீர்க்கதரிசனக் கணக்கு, மூலமொழி இலக்கணம், யாருக்கும் புரியாத உபதேசம் என்று ஏதேதோ நினைத்துக்கொள்கிறார்கள். எபிரெயர் 5:14 சொல்வது வேறு. நன்மை எது தீமை எது என்று பயிற்சியினால் பிரித்தறியப் பழகியவர்களுக்கு உரியது பலமான ஆகாரம். அதாவது நாலு பேருக்கு நடுவில் நேர்மையாக நடந்து நடந்து கூர்மையான மனசுக்கு. நிறையத் தெரிந்தும் கோபத்தில் கண்டபடி பேசுகிற ஒருவர் இந்தக் கணக்கில் இன்னும் பால்குடிதான்.

வார்த்தையைச் சாப்பிடுவது என்ற பேச்சும் உண்டு. எசேக்கியேலுக்கு ஒரு சுருள் நீட்டப்படுகிறது, தின்கிறார், வாய்க்குத் தேன்போல இருக்கிறது. வெளிப்படுத்தல் 10ல் யோவானும் ஒரு புஸ்தகத்தைத் தின்கிறார். வாயில் தித்திப்பு, வயிற்றிலோ கசப்பு. உண்மையில் இந்தக் கசப்பையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. எரேமியா “உம்முடைய வார்த்தைகள் கிடைத்தவுடனே அவைகளை உட்கொண்டேன்” என்கிறார். முதல் சங்கீதத்தில் ‘இரவும் பகலும் தியானமாயிருக்கிற’ என்ற இடத்தில் இருக்கும் எபிரெய வினைச்சொல் ‘ஹாகா’. கண்ணை மூடிச் சும்மா உட்கார்வதற்கான சொல் அல்ல அது. முணுமுணுப்பது, உறுமுவது என்று அர்த்தம். ஏசாயா 31:4ல் சிங்கம் தன் இரையின்மேல் நின்று உறுமும்போது அதே சொல்தான் வருகிறது. எலும்பைப் பிடித்த சிங்கம் லேசில் விடாது. சங்கீதக்காரன் சொல்லும் தியானம் அந்த மாதிரி.

நடுக்காலத் துறவிகள் இதை அப்படியே ஒரு பழக்கமாக ஆக்கினார்கள். மாடு அசைபோடுவதற்கான லத்தீன் சொல்லையே வாசிப்புக்கும் வைத்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியன் சபைத் துறவி இரண்டாம் கீகோ இதைப் படிப்படியாக விளக்கினார்: வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது, ஜெபம் சாற்றை எடுக்கிறது, கடைசியில் வருவது அந்த இனிமையே. நாம் பெரும்பாலும் முதல் படியிலேயே எழுந்துவிடுகிறோம். ஒரு நாளைக்கு நாலு அதிகாரம் என்று கணக்கு வைத்து முடிப்பது வாயில் வைத்து வைத்து எடுப்பது மாதிரி. கணக்கு தப்பு என்று சொல்லவில்லை. அதில் ருசி தெரியாதது அதிசயமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது யோவான் 6. முதல் நாள் ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன், ஐயாயிரம் பேர், பன்னிரண்டு கூடை மீதி. வாற்கோதுமை ஏழைகளின் தானியம், அதை ஒரு பையனின் கையிலிருந்து வாங்குகிறார்கள். மறுநாள் ஜனங்கள் படகேறிக் கப்பர்நகூமுக்கு வந்து இயேசுவைத் தேடுகிறார்கள். நீங்கள் அப்பம் தின்று திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, “ஜீவ அப்பம் நானே” என்கிறார். இதுவரை எல்லாருக்கும் சம்மதம்தான். அப்புறம் பேச்சு போகப்போக, யோவான் சாப்பிடுவதற்கான வழக்கமான கிரேக்கச் சொல்லை விட்டுவிட்டு ‘திரோகோ’ என்ற சொல்லுக்கு மாறுகிறார். கடித்து மென்று தின்பது என்று அர்த்தம். என் மாம்சத்தை மென்று தின்னுங்கள் என்றால் கேட்பவர்கள் என்ன செய்வார்கள்? “இது கடினமான உபதேசம், யார் இதைக் கேட்பார்கள்” என்று பலர் எழுந்து போகிறார்கள். அவரும் சொல்லைத் திரும்ப வாங்கவில்லை. மீதி இருந்த பன்னிரண்டு பேரிடம் ‘நீங்களும் போக விரும்புகிறீர்களா’ என்று கேட்கிறார்.

இந்த அதிகாரம் நற்கருணையைப் பற்றியதா, விசுவாசத்தைப் பற்றியதா என்பதில் சபைகள் பிரிந்து நிற்கின்றன. அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது கத்தோலிக்கப் போதனை. 1215ல் நான்காம் லாத்தரன் சங்கம் அதற்கான கலைச்சொல்லை அதிகாரபூர்வமாகப் பயன்படுத்தியது. 1529ல் ஜெர்மனியின் மார்பர்க்கில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் பதினைந்து பொருள்களில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். கடைசி ஒன்றில், இந்த அப்பத்தில் கிறிஸ்து எப்படி இருக்கிறார் என்பதில், முறிந்தது. யார் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. பிரிக்க வந்த சாப்பாடு அல்ல இது என்பதால் அந்தக் கதை எனக்கு எப்போதும் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். அகுஸ்தீனிடம் இரண்டு பக்கமும் இருக்கிறது. யோவான் 6க்கு விளக்கம் சொல்லும்போது, பல்லையும் வயிற்றையும் ஏன் தயார் செய்கிறாய், விசுவாசி, சாப்பிட்டாயிற்று என்கிறார். வேறொரு இடத்தில் தேவன் தன்னிடம் பேசியதாக எழுதுகிறார்: நான் வளர்ந்தவர்களின் உணவு, வளர்ந்தால் என்னை உண்பாய். ஆனால் மற்ற உணவைப்போல நீ என்னை உன்னாக மாற்றமாட்டாய், நீதான் நானாக மாறுவாய். சாதாரணச் சாப்பாடு சாப்பிட்டவனாகிறது. இது தலைகீழ்.

கொரிந்து சபையில் இது எப்படிக் கெட்டுப்போயிற்று என்றும் பாருங்கள். கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்தார்கள். சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்கிறார் பவுல். இதைத்தான் அவர் ‘கர்த்தருடைய இராப்போஜனம் பண்ணுதல் அல்ல’ என்றார். அவர்களுடைய உபதேசத்தில் பிழை இருந்ததாக அந்த இடத்தில் சொல்லவில்லை. பக்கத்தில் ஒருவன் பட்டினியாக உட்கார்ந்திருந்தான், அதுதான் பிழை. ஏசாயா 58ம் உபவாசத்தைப் பற்றி இதையேதான் சொல்கிறது: பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதல்லவா நான் விரும்பும் உபவாசம். ஆவிக்குரிய ஆகாரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசி, வாசலில் பசித்து நிற்பவரைக் கவனிக்காமல் போகும் பேச்சு எதுவாயிருந்தாலும், அது இந்த உருவகத்தின் பேச்சு இல்லை.

இனி ருசி. “கர்த்தர் நல்லவர் என்பதை ருசித்துப்பாருங்கள்” என்ற 34ஆம் சங்கீதத்தை உங்களிடம் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள், அது உங்களுக்குக் குற்றப்படுத்துவதுபோலக்கூட இருந்திருக்கலாம். அந்தச் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள். தாவீது பைத்தியக்காரன்போல நடித்துத் தப்பித்த சமயம் என்று இருக்கிறது. அந்தச் சம்பவம் வருவது 1 சாமுவேல் 21ல். அதே அதிகாரத்தின் ஆரம்பத்தில் தாவீது உயிருக்குப் பயந்து ஓடிவந்து, நோபில் இருந்த ஆசாரியனிடம் ‘ஐந்து அப்பமாவது, என்ன இருந்தாலும் கொடும்’ என்று கேட்டு, பரிசுத்த அப்பத்தை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ருசித்துப்பாருங்கள் என்று பாடியவர் அப்போது பரவசத்தில் இல்லை. பசியிலும் பயத்திலும் ஓடிக்கொண்டிருந்தார்.

ருசி தெரியாததற்குக் காரணங்கள் வேறுவேறு. வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்கலாம். திருப்தியடைந்தவன் தேன்கூட்டையும் மிதிப்பான் என்று நீதிமொழிகள் சொல்கிறது. நாள் முழுக்க கண்டதையும் மேய்ந்த கண்ணுக்கு இரவு பதினொரு மணிக்கு லேவியராகமம் ருசிக்காது. இல்லாவிட்டால் ஒரே உணவு சலித்திருக்கலாம். இஸ்ரவேலரும் எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள், மன்னாவைப் பார்த்து ‘இந்த அற்பமான உணவு வெறுப்பாயிருக்கிறது’ என்றார்கள். அவர்கள் சலித்துப்போன அந்த நாட்களிலும் மன்னா அவர்களைச் சாகாமல் வைத்திருந்தது. சத்தும் ருசியும் ஒன்றல்ல. அப்புறம், உடம்போ மனசோ நொந்திருக்கலாம். காய்ச்சல்காரருக்கு எதுவும் ருசிக்காது, அதற்காக அவரைத் திட்டுவார்களா? தொடர்ந்து தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். எலியாவுக்குக் கிடைத்ததும் தூக்கமும் அடையும்தான்.

இன்னொன்றும் உண்டு, யாரும் அதிகம் சொல்லாதது. சமாரியாவில் கிணற்றடியில் சீஷர்கள் கடைக்குப் போய்ச் சாப்பாடு வாங்கி வந்து ‘ரபீ, சாப்பிடும்’ என்கிறார்கள். அதற்குள் இயேசு ஒரு பெண்ணிடம் பேசி முடித்திருக்கிறார். “நான் என்னை அனுப்பினவருடைய சித்தத்தின்படி செய்து அவருடைய கிரியையை முடிப்பதே என்னுடைய போஜனமாயிருக்கிறது” என்கிறார். உட்கார்ந்து வாங்கிக்கொள்வதை மட்டும் நாம் ஆகாரம் என்கிறோம். ‘அந்தச் சபையில் எனக்கு ஆகாரம் கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த சபைக்குப் போகிறோம். அவருக்கோ செய்வதே சாப்பாடாக இருந்தது. வேலை செய்யாத உடம்புக்குப் பசி எடுக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

ஆகவே நாலு அதிகாரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். யோவான் 21ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஐந்தாறு வசனம், வாய்விட்டு, மெதுவாக. இராமுழுதும் வலைபோட்டு ஒன்றும் அகப்படாத ஏழு பேர் கரைக்கு வருகிறார்கள். கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். உயிர்த்தெழுந்தவர் “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்கிறார். அந்த ஏழு பேரில் ஒருவன் பேதுரு, இதே மாதிரி ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் நின்றுதான் அவரைத் தெரியாது என்று மறுதலித்தவன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, முதலில் மீன். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவனைப் பார்த்து, என்னில் அன்பாயிருக்கிறாயா என்ற கேள்வி. அவன் பதில் சொன்னதும், ‘என் ஆட்டுக்குட்டிகளை மேய்ப்பாயாக’ என்கிறார். அந்த ‘மேய்ப்பாயாக’வுக்குக் கிரேக்கத்தில் இருக்கும் சொல்லுக்கு, தீனி கொடு என்றே அர்த்தம்.